பதினோரு பூஜ்ஜியங்களைப் படிக்கும் முறை

பணத்தாள் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்கும் ஐரோப்பிய நோட்டுகளில் யூகோஸ்லாவியாவின் 50,000 கோடி தினார் நோட்டுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. 1993 டிசம்பர் 23 அன்று வெளியான நோட்டு அது. 5 என்று தொடங்கி அதன் பின்னால் 11 பூஜ்ஜியங்கள், ஒன்றுவிடாமல் முழுதாக அச்சாகியிருக்கும். முன்பக்கம் தாடி வைத்த ஒரு கவிஞரின் முகம், பின்பக்கம் பெல்கிரேடில் உள்ள செர்பிய தேசிய நூலகத்தின் கட்டடம். கையில் எடுத்தவர் முதலில் பூஜ்ஜியங்களை எண்ணுவார். எண்ணி முடித்ததும் ஏதாவது சொல்வார். அப்படிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் மூன்று. இதை வைத்திருந்தவன் பெரும் பணக்காரனாக இருந்திருப்பான் என்பது ஒன்று. உலகத்திலேயே பெரிய நோட்டு இதுதான் என்பது இன்னொன்று. கம்யூனிசம் விழுந்த நாடுகளின் கதியெல்லாம் இதுதான் என்பது மூன்றாவது. முதலாவது முழுத் தவறு. இரண்டாவது பாதித் தவறு. மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் கேட்பதற்குச் சரிபோலவே இருக்கிறது.

முதலாவதைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். நோட்டு வெளிவந்த ஒன்பதாம் நாள், 1994 ஜனவரி 1 அன்று, தினாரிலிருந்து 9 பூஜ்ஜியங்களை அரசு வெட்டியது. பழைய 100 கோடி தினார் புதிய 1 தினார் ஆயிற்று. 50,000 கோடி தினார் 500 தினாராகச் சுருங்கியது. அந்தப் புதிய தினாரும் மாதம் தாண்டவில்லை. ஜனவரி 24 அன்று இன்னொரு தினார் வந்தது. அதன் மதிப்பு 1 ஜெர்மன் மார்க் என்று நிர்ணயித்தார்கள். ஜனவரி 1இல் பிறந்த தினாரில் சுமார் 1 கோடியே 30 லட்சம் கொடுத்தால்தான் இந்தத் தினாரில் ஒன்று கிடைக்கும். 500ஆல் வகுத்துப் பாருங்கள், 26,000 வருகிறது. அதாவது ஒரே ஒரு ஜெர்மன் மார்க்குக்கு ஈடாக, ஒவ்வொன்றிலும் 50,000 கோடி என்று எழுதிய 26,000 நோட்டுகளை அடுக்கவேண்டும். ஒரு மாதம் முன்புதான் அச்சகத்திலிருந்து வந்த நோட்டுகள் அவை. இதை வைத்திருந்தவன் பணக்காரனாக இருந்திருக்க வழியில்லை. இதை வைத்துக்கொண்டே இருந்தவன் இருந்ததையும் இழந்தவன்.

இரண்டாவது கூற்று, உலகத்திலேயே பெரிய நோட்டு என்பது. தாளில் அச்சான பூஜ்ஜியங்களை மட்டும் எண்ணினால் 2008, 2009 காலத்து ஜிம்பாப்வேயின் 100 லட்சம் கோடி டாலர் நோட்டில் 14 இருக்கின்றன. புழக்கத்துக்கு வந்தவற்றில் மதிப்பெண்ணால் மிகப் பெரியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது ஹங்கேரி 1946இல் வெளியிட்ட நோட்டு. ஒன்றுக்குப் பின் 20 பூஜ்ஜியங்கள் கொண்ட பெங்கோ. ஆனால் அந்த நோட்டைப் பார்த்தால் 20 பூஜ்ஜியங்கள் தெரியாது. ‘பி-பெங்கோ’ என்று ஒரு புதுப்பெயரை வைத்து அதற்குள் 12 பூஜ்ஜியங்களை ஒளித்துவிட்டார்கள். மிச்சத்தைப் ‘பத்துக் கோடி’ என்று எழுத்தில் போட்டார்கள்.

யூகோஸ்லாவியாவும் ஒளித்தது, வேறு வழியில். 1990 தொடக்கத்தில் 4 பூஜ்ஜியங்களை நீக்கினார்கள். 1992 ஜூலையில் 1. 1993 அக்டோபரில் 6. ஆக நம் நோட்டில் தெரியும் 11 பூஜ்ஜியங்கள் ஏற்கெனவே மூன்று முறை முடிவெட்டிய பிறகு மறுபடி வளர்ந்தவை. எதையும் வெட்டாமல் 1989 வரை புழங்கிய தினாரிலேயே இதே தொகையை எழுதியிருந்தால் 5க்குப் பின் 22 பூஜ்ஜியங்கள் போடவேண்டியிருக்கும். ஹங்கேரி நோட்டைப்போல் 500 மடங்கு. ஒப்பீடு நியாயமானதா என்று கேட்டால், முழுக்க இல்லை. ஹங்கேரி ஓராண்டுக்குள் செய்ததை யூகோஸ்லாவியா ஐந்தாறு ஆண்டுகளில் செய்தது. ஒரு நாட்டு நோட்டின் எண்ணை இன்னொரு நாட்டு நோட்டின் எண்ணோடு ஒப்பிடும் போட்டியில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆனால் அந்தப் போட்டியை நடத்துகிறவர்கள் வெட்டிய பூஜ்ஜியங்களையும் சேர்த்து எண்ணவேண்டும்.

சேகரிப்பாளர்களே தடுமாறும் இடமும் இதுதான். 1993 என்று தேதியிட்ட இரண்டு யூகோஸ்லாவிய நோட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நிகோலா டெஸ்லாவின் முகம். ஒன்றில் 1,000 கோடி தினார் என்றிருக்கிறது. மற்றதில் 5,000 தினார். எது பெரியது? முதலாவது அக்டோபருக்கு முந்தைய தினார், இரண்டாவது அக்டோபரில் வந்த தினார். நடுவில் 6 பூஜ்ஜியங்கள் போயின. அப்படியானால் 1,000 கோடி என்பது புதுக்கணக்கில் 10,000தான். ஒரு 1,000 கோடி டெஸ்லாவுக்கு இரண்டு 5,000 டெஸ்லா சமம். தேதியைப் பார்க்காமல் விலை பேசுகிறவர்களும், ஆல்பத்தில் எண்ணின் வரிசைப்படி செருகி வைக்கிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அந்த 5,000 தினார் டெஸ்லாவில் தொடங்கும் வரிசையைப் பத்து நோட்டுகளாக அடுக்கலாம். 10,000இல் செர்பிய மொழியைச் சீர்திருத்திய வூக் கராஜிச். 50,000இல் மாண்டெனேக்ரோவின் ஆட்சியாளரும் கவிஞருமான ந்யேகோஷ். ஐந்து லட்சத்தில் எழுத்தாளர் தோசிதெய் ஒப்ரதோவிச், 50 லட்சத்தில் கிளர்ச்சித் தலைவர் கராஜார்ஜெ, 5 கோடியில் இயற்பியலாளர் மிஹாய்லோ பூபின், 50 கோடியில் புவியியலாளர் யோவான் ஸ்வியிச், 500 கோடியில் கவிஞர் ஜூரா யாக்ஷிச், 5,000 கோடியில் செர்பிய இளவரசர் மிலோஷ் ஒப்ரெனோவிச். கடைசியில் நம் கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாய், 50,000 கோடியில். முதல் நோட்டுக்கும் கடைசி நோட்டுக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை. எண்ணோ 10 கோடி மடங்கு. ஒரு தேசம் தன் அறிஞர்களையும் கவிஞர்களையும் வீரர்களையும் வரிசையாக அழைத்துவந்து, ஒவ்வொருவரையும் சில வாரங்களில் செல்லாக்காசாக்கி அனுப்பியது. ஸ்மாய் 1833இல் நோவி சாத் நகரில் பிறந்தவர். தொழிலால் மருத்துவர். மனைவியையும் பிள்ளைகளையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். செர்பியப் பிள்ளைகள் முதலில் படிக்கும் பாட்டுகள் அவர் எழுதியவை. இந்த வரிசையின் கடைசி நோட்டு அவர் தலையில் விழுந்தது.

இனி மூன்றாவது கூற்று. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1989க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பா முழுக்க விலைகள் ஏறின, உண்மைதான். அரசு கட்டிவைத்திருந்த விலைகளை அவிழ்த்துவிட்டால் அவை ஏறத்தான் செய்யும். போலந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1992ஆம் ஆண்டு தேதியிட்ட 20 லட்சம் ஸ்வோட்டி நோட்டு ஒன்று உண்டு, பியானோ மேதையும் ஒருகாலப் பிரதமருமான பாதரெவ்ஸ்கியின் முகத்தோடு. முதல் அச்சில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டுப்போனது. பிறகு திருத்தி அச்சிட்டார்கள். சேகரிப்பாளர்கள் பிழையான அச்சைத்தான் தேடுவார்கள், வழக்கம்போல. அந்த 20 லட்சத்துக்கு என்ன ஆனது? 1995இல் போலந்து 4 பூஜ்ஜியங்களை நீக்கியது. 20 லட்சம் ஸ்வோட்டி 200 புதிய ஸ்வோட்டி ஆயிற்று. பழைய நோட்டை 2010 முடியும்வரை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நோட்டை மெத்தைக்கடியில் மறந்துபோன பாட்டிகூட எல்லாவற்றையும் இழக்கவில்லை. எஸ்டோனியா 1992 ஜூனில் ரூபிளை விட்டுவிட்டுத் தன் குரோனைக் கொண்டுவந்தது. 8 குரோன் 1 ஜெர்மன் மார்க் என்று கட்டி, அந்தக் கட்டைக் காப்பாற்றவும் செய்தது.

ஆகவே பூஜ்ஜியங்களில் இரண்டு வகை. போலந்து நோட்டின் பூஜ்ஜியங்கள் அடங்கிவந்த பணவீக்கத்தின் வடு. காயம் ஆறிவந்தது, தழும்பு மட்டும் கொஞ்ச காலம் தாளில் தங்கியது. யூகோஸ்லாவிய நோட்டின் பூஜ்ஜியங்கள் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த பணவீக்கத்தின் பூஜ்ஜியங்கள். நோட்டில் எத்தனை பூஜ்ஜியம் என்று கேட்பதைவிட, அடுத்த மாற்றத்தின்போது இந்த நோட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் எது எந்த வகை என்பது உடனே தெரிந்துவிடும். ஒன்றுக்கு 200 ஸ்வோட்டி கிடைத்தது. மற்றதற்கு ஒரு மார்க்கின் 26,000இல் ஒரு பங்கு.

யூகோஸ்லாவியா மட்டும் ஏன் இப்படிப் போனது? கம்யூனிசத்திலிருந்து சந்தைக்கு மாறியதால் என்ற பதில் எதையும் விளக்குவதில்லை. அந்த நாடு ஒருமுறை இதே நோயிலிருந்து தேறியும் வந்திருக்கிறது. 1989இல் விலைகள் தறிகெட்டு ஓடியபோது பிரதமர் அன்டே மார்கோவிச் 4 பூஜ்ஜியங்களை நீக்கி, 7 தினார் 1 ஜெர்மன் மார்க் என்று கட்டினார். 1990இன் முதல் பாதியில் பணவீக்கம் ஏறக்குறைய நின்றேபோனது. பிறகு அந்தக் கட்டை உடைத்தவர்கள் அரசியல்வாதிகள். 1990 இறுதியில் மிலோஷெவிச் தலைமையிலிருந்த செர்பியக் குடியரசு, கூட்டாட்சியின் மைய வங்கிக்குத் தெரியாமல் பெரும் தொகையைத் தனக்குத்தானே கடனாக உருவாக்கிக்கொண்டது. 1991 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது. கூட்டாட்சி அதே ஆண்டில் சிதறத் தொடங்கியது.

1992 ஏப்ரலில் மிஞ்சியது செர்பியாவும் மாண்டெனேக்ரோவும் மட்டும். பெயர் என்னவோ யூகோஸ்லாவியாதான், நோட்டிலும் ‘யூகோஸ்லாவிய தேசிய வங்கி’ என்றே இருக்கும். உள்நாட்டுச் சந்தையில் பாதி போய்விட்டது. மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 757ஆம் தீர்மானத்தின்படி வர்த்தகத் தடை விதித்தது. ஆலைகள் நின்றன. ஆனால் வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, சம்பளத்தோடு கட்டாய விடுப்பு கொடுத்தார்கள். எல்லைக்கு அப்பால் போஸ்னியாவிலும் குரோவேஷியாவிலும் நடந்த போருக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. வரி வசூல் வற்றியது. கடன் தர யாருமில்லை. அரசிடம் மிச்சமிருந்த ஒரே வருமானம் பெல்கிரேடின் டோப்சிடெர் பகுதியில் இருந்த பண அச்சகம்.

அச்சடிப்பது எப்படி வருமானமாகும் என்று கேட்கலாம். புது நோட்டை முதலில் செலவழிப்பது அரசு. அரசு செலவழிக்கும் நேரத்தில் விலை இன்னும் ஏறவில்லை. நோட்டு கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளிடம் போவதற்குள் ஏறிவிடுகிறது. நடுவில் உருகிய மதிப்பு முழுதும் அரசு எடுத்துக்கொண்ட வரி, சட்டமன்றத்தில் ஓட்டுக்கு விடாத வரி. சிக்கல் என்னவென்றால் மக்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். தினார் கைக்கு வந்த நொடியே அதை மார்க்காகவோ மாவாகவோ எண்ணெயாகவோ மாற்றுகிறார்கள். தினாரை யாரும் வைத்திருக்காதபோது வரி போட ஆளில்லை. அதே அளவு சரக்கு வாங்க அரசு இன்னும் அதிகம் அச்சடிக்கிறது. மறுபக்கம், இன்று விதித்த வரி அடுத்த மாதம் வந்து சேரும்போது அதற்கு மதிப்பே இல்லை. மின்கட்டணத்துக்கும் அதே கதை. காசோலை கொடுத்துப் பொருள் வாங்கினால், காசோலை வங்கி போய்ச் சேர்வதற்குள் கடன் கரைந்துவிடும். ஆகவே தாமதமாகக் கட்டுவதே புத்திசாலித்தனம் ஆயிற்று. அரசுக்கு வரவேண்டியது சுருங்கச் சுருங்க, அச்சு இயந்திரம் வேகமெடுத்தது.

1994 ஜனவரியின் மாதப் பணவீக்கம் 31 கோடியே 30 லட்சம் சதவீதத்துக்கும் மேல். இந்த எண்ணைப் படித்து யாருக்கும் எதுவும் புரியாது. வேறு விதமாகச் சொல்லலாம். சுமார் 34 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டித்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சம்பளம் வாங்கி, அதைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனால், அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. சோம்பேறித்தனம் எதுவுமில்லை, ஒரு வாரக் கடைசி, அவ்வளவே.

பெல்கிரேடுவாசிகள் அந்தக் குளிர்காலத்தை நினைவுகூரும்போது இரண்டு விஷயங்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று, தெருமுனைகளில் நின்றிருந்த செலாவணி ஆட்கள். போகிறவர் வருகிறவரின் காதுபட ‘தெவீசெ, தெவீசெ’ என்று முணுமுணுப்பார்கள். வெளிநாட்டுப் பணம் என்று பொருள். வங்கியில் கிடைக்காத மார்க் அவர்களிடம் கிடைக்கும். நாட்டின் உண்மையான நாணய விகிதம் அந்த நடைபாதையில்தான் தீர்மானமாயிற்று. இன்னொன்று, சாலையோரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களில் விற்ற கடத்தல் பெட்ரோல். அதன் விலையை மார்க்கில்தான் சொல்வார்கள். அரசுக் கடைகளில் விலை கட்டுப்படுத்தப்பட்டிருந்தது, அலமாரிகள் காலி. ஓய்வூதியக்காரரின் மாத வருமானம் சில மார்க்குகளாகச் சுருங்கியது. இதற்குச் சற்று முன்பே தனியார் ‘வங்கிகள்’ இரண்டு, தாஃபிமென்ட், யூகோஸ்காந்திக் என்ற பெயர்களில், வெளிநாட்டுச் செலாவணி வைப்புக்கு மாதந்தோறும் நம்பமுடியாத வட்டி கொடுத்து மக்களின் பதுக்கல் மார்க்குகளை உறிஞ்சின. 1993இல் இரண்டும் கவிழ்ந்தன. அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.

இந்தப் பணவீக்கத்தை நிறுத்தியவர் 74 வயதுப் பொருளாதார அறிஞர் ஒருவர். டிராகோஸ்லாவ் அவ்ராமோவிச், உலக வங்கியில் பல காலம் வேலை பார்த்தவர். அவர் வகுத்த திட்டப்படிதான் ஜனவரி 24 அன்று புதிய தினார் வந்தது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. கையிருப்பில் உள்ள அந்நியச் செலாவணிக்குத் தக்கபடிதான் தினார் அச்சாகும், 1 தினார் கொடுத்தால் 1 மார்க் என்றார்கள். பிப்ரவரியில் விலைகள் நின்றன. மக்கள் அவரை ‘அவ்ராம் தாத்தா’ என்று அழைத்தார்கள். மார்ச்சில் மைய வங்கியின் ஆளுநர் ஆனார். மந்திரம் நீடித்ததா என்றால், அரைகுறையாக. 1995 நவம்பரில் ஒரு மார்க்குக்கு 3.3 தினார் என்று இறக்கவேண்டிவந்தது. அரசு மறுபடியும் அச்சகத்தின் பக்கம் திரும்பியபோது அவர் ஒத்துப்போகவில்லை. 1996 மே மாதம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதிபர்கள் அச்சகத்தை நேசிப்பது பூஜ்ஜியம் வெட்டியதால் நிற்பதில்லை. அக்டோபர் 1993இல் 6 பூஜ்ஜியம் வெட்டியும் ஒன்றும் நடக்காததற்கும், ஜனவரி 24 அன்று வெட்டியது பிடித்ததற்கும் வித்தியாசம் இதுதான். முதல்முறை நோட்டை மட்டும் மாற்றினார்கள். இரண்டாம்முறை, கொஞ்ச காலத்துக்காவது, இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

சேகரிப்புக்கு வருவோம். 50,000 கோடி தினார் அரிய நோட்டு என்று சொல்லி விற்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ஏராளமாக அச்சான நோட்டு இது. ஒன்பது நாளில் எண் மாறிவிட்டதாலும், மாற்றி வாங்க யாரும் சிரமப்படாததாலும் நிறையவே மிஞ்சியது. இந்த வரிசையின் உச்ச நோட்டு என்பதால் மற்ற ஒன்பதைவிட இதற்குக் கிராக்கி அதிகம், அவ்வளவுதான். அட்டவணை நூல்களில் இதன் எண் பிக் 137. மடிப்பே இல்லாத புத்தம்புது நோட்டுக்கு அதிக விலை, கசங்கியதற்குக் குறைந்த விலை என்பது சந்தை வழக்கம். என் ரசனை நேர்மாறானது. மடிப்பே விழாத நோட்டு, யார் கையிலும் புழங்காமல் கட்டோடு தங்கிப்போனதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான்காக மடித்து, ஓரம் நைந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறையோடு வரும் நோட்டுதான் அந்த ஒன்பது நாளில் யாரோ ஒருவரின் சட்டைப்பைக்குள் ஓடிப்போய் வந்தது. அதே காலத்தில் குரோவேஷியாவின் க்னினிலும் போஸ்னியாவின் பான்யா லுகாவிலும் இருந்த செர்பிய நிர்வாகங்கள் தனியே தினார் அச்சிட்டன, அவற்றிலும் பூஜ்ஜியங்கள் தாராளம். நோட்டில் எந்த வங்கியின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கவேண்டும்.

வாங்கியவர் இதைத் தனியாகச் சட்டம் போட்டு மாட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தனியாக இருந்தால் அது ஒரு வேடிக்கைப் பொருள். 1,000 கோடி டெஸ்லாவையும் 5,000 டெஸ்லாவையும் இதற்கு முன்னால் வையுங்கள். பின்னால், அவ்ராமோவிச்சின் சீர்திருத்தத்துக்குப் பிறகு 1994இல் வந்த 5 புதிய தினார் நோட்டை வையுங்கள். அதிலும் டெஸ்லாதான். அந்த 5 தினாருக்கு, சீர்திருத்த நாள் கணக்கின்படி, ஸ்மாய் நோட்டுகள் சுமார் 1,30,000 கொடுக்கவேண்டும்.